தங்கச் செயினில் இரண்டு கண்ணி குறைவு

நம் சைக்கிள் குழுவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தலைவர் டாக்டர் நேரில் வீட்டுக்கே வந்தார். டாக்டர் என்றால் சிதம்பரத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் நம் டாக்டர்தான். நான்கு பக்கம் போதும் என்றார்.

"கொல்லிமலையில நான் விழுந்தேன் பாருங்க, அத எழுதுங்கண்ணே. நீங்க எழுதிக் குடுத்த சீட்ட மதிக்காம கியரப் போட்டு நான் பல்ல ஒடச்சிக்கிட்ட கதை. புதுசா வர்றவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும்."

போகிற போக்கில், ஆடிக்கொண்டிருக்கும் என் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரமும் கொடுத்தார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட கதையை எழுத முடியாது. அந்த விபத்தில் தவறு யாருடையது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. டாக்டர் ஒன்பது வருடமாகத் தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்கிறார். நான் ஒன்பது வருடமாக மறுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது மறுக்கப் போகிறேன். காரணம், அடுத்த மாதம் குழு மறுபடியும் கொல்லிமலைக்குப் போகிறது. அதற்காக இந்த மாதம் மட்டும் ஏழு பேர் என்னிடம் பெரிய கேசட் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஏழு பேரில் ஆறு பேர் செயினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேசட் என்பது பின்சக்கரத்தின் நடுவில் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களின் தொகுதி. அதில் மிகப் பெரிய பல்சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாக மேட்டில் ஏறலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மேம்பாலங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு மாடிவீட்டுப் படிக்கட்டு அளவுக்குக்கூட மேடு கிடையாது. அந்தச் சாலையில் ஞாயிறுதோறும் போய் வருகிற நம் உறுப்பினர்கள் சோற்றுத்தட்டு அளவுக்குக் கேசட் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று ஒருவரைக் கேட்டேன். "இருக்கட்டுமே சார், ஒரு சேஃப்டிக்கு" என்றார். பிச்சாவரத்தில் மலை முளைத்தால் முதலில் ஏறப்போவது அவர்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கினேன். பதினோரு வேலைக்கு எழுதிப் போட்டேன், பதினொன்றும் வரவில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சைக்கிள் கடையில் பில் எழுதச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். கடலூரில் இருபத்து நான்கு வருடம், அதே முதலாளியின் சிதம்பரம் கிளையில் பன்னிரண்டு வருடம். மொத்தம் முப்பத்தாறு. கற்றுக்கொண்ட காலம் என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்பேனர் எடுத்தபின் முதல் ஆறு வருடம் பஞ்சர் ஒட்டினேன்.

எங்கள் தலைமை மெக்கானிக் ஆரோக்கியசாமி மேஸ்திரி. என்னைவிட எட்டு வயது பெரியவர். எட்டாவது வரை படித்தவர். என் பெயர் அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் "கணக்கு". திட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவன் தானாக ஒப்புக்கொள்ளும்வரை டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை நான் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன். டீ ஆறி, ஆடை கட்டி, ஈ விழுந்தது. அப்புறம் ஒப்புக்கொண்டேன்.

கியர் சைக்கிள்கள் கடைக்கு வரத் தொடங்கியபோது மேஸ்திரி ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ரிப்பேர் செய்தவனே அந்தச் சைக்கிளைக் கேப்பர் மலைச் சாலைக்கு ஓட்டிப் போய் ஏற்றிக் காட்ட வேண்டும். மலை என்று பெயர்தானே தவிர அது ஒரு செம்மண் மேடு. இருந்தாலும் கடலூர்க்காரனுக்கு அதுதான் இமயம். சும்மா ஏறினால் போதாது. செய்யக் கூடாத கியர் மாற்றங்களை எல்லாம் அந்த ஏற்றத்திலேயே செய்து பார்க்க வேண்டும். முக்கியமாக, முன்னால் மிதியோடு சுழலும் பெரிய செயின்வீல், பின்னால் பெரிய பல்சக்கரம். செயின் குறுக்கே இழுபடும், கரகரவென்று கத்தும், யாருக்கும் பயனில்லாத கியர் அது.

முதல் தடவை நான் மறுத்தேன். ஒரு தாளில் எல்லா விகிதங்களையும் எழுதி, இந்தக் கியரும் அந்தக் கியரும் ஏறத்தாழ ஒன்று, ஆகவே இதை எவனும் போடத் தேவையே இல்லை என்று நிரூபித்துக் கொடுத்தேன். மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்க கணக்கு. இத வண்டிய வாங்கிட்டுப் போறவன் படிப்பானா?"

"சொன்னா புரிஞ்சிக்குவாங்க மேஸ்திரி."

"புரிஞ்சிக்குவான். மேட்டுல மூச்சு வாங்கும்போது மறந்துடுவான். அவன் செய்யக் கூடாதத எல்லாம் நீ மொதல்ல செஞ்சிட்டு வா. ஒடஞ்சா உங்கிட்ட ஒடயட்டும்."

வேலை அட்டையில் பத்து வரிகள் ஏற்கனவே இருந்தன. பதினோராவதாக ஒரு வரி சேர்த்தார்: ஏறிப் பார்த்தவர். அதற்கு எதிரே கையெழுத்து. அது இல்லாமல் சைக்கிள் கடையை விட்டு வெளியே போகாது.

பிறகு முதலாளி சிதம்பரத்தில் கிளை திறந்து என்னை அங்கே அனுப்பினார். சிதம்பரத்தில் மேடு இல்லை. ரயில்வே மேம்பாலத்தில் ஆறு முறை ஏறி இறங்கினால் கேப்பர் மலைக்குச் சமம் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி ஒத்துக்கொண்டார், அரை மனதாக. திங்கட்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து அந்த வாரத்து அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போவார்.

இனி டாக்டர் கதை.

குழுவின் முதல் கொல்லிமலைப் பயணத்தில் டாக்டர் பத்தொன்பதாவது வளைவில் இறங்கிவிட்டார். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மீதி ஐம்பத்தொன்றையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, நெய்வேலியில் இன்ஜினியர், நம் குழுவில் எல்லாருக்கும் தெரிந்தவர், அதைப் பின்னாலிருந்து படம் பிடித்தார். "மாமா சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறார்" என்று எழுதி வாட்ஸப்பில் போட்டார். பொங்கலுக்கு மாமியார் வீட்டில் டாக்டருக்குக் கரும்போடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டாக்டர் கடைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "அண்ணே, நான் ஏறணும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பதற்கில்லை. ஐம்பத்து நான்கு வயது மனிதர், ஊரில் பாதிப் பேரின் வாயைத் திறக்க வைத்தவர், மச்சான் முன்னால் ஒரே ஒரு முறை சைக்கிளை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்.

அவர் சைக்கிளில் முன்னால் இரண்டு செயின்வீல், ஐம்பது பல்லும் முப்பத்து நான்கு பல்லும். பின்னால் பத்துப் பல்சக்கரம், பெரியது இருபத்தைந்து பல். மிகச் சுலபமான கியரில் ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் இரண்டு மீட்டர் எண்பத்தாறு சென்டிமீட்டர் நகரும். முப்பத்திரண்டு பல் வரை உள்ள கேசட் போட்டால் இரண்டு மீட்டர் இருபத்து மூன்று. மிதிக்கு அறுபத்து மூன்று சென்டிமீட்டர் குறைவாக நகரும், அந்த அளவுக்குக் கால் நோகாது. "மனுசனுக்கு முப்பத்திரண்டு பல்லு, பின்சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு, பொருத்தம்" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

வேலையைச் சொல்கிறேன், கேட்ட ஏழு பேருக்காக. பின்சக்கரத்தைக் கழற்றி, துண்டுச் செயின் கோத்த கம்பியால் பழைய கேசட்டைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள பூட்டு வளையத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். டக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். புதியதைப் பள்ளம் பார்த்து நுழைத்து இறுக்க வேண்டும். இது பத்து நிமிடம். பழைய பின் கியர், அதாவது செயினைத் தள்ளி மாற்றும் கை, முப்பத்திரண்டு பல்லுக்கு எட்டாது. நீளக் கை உள்ளது போட வேண்டும். அதையும் போட்டேன். கடைசியில் செயின் நீளம். பின் கியருக்குள் விடாமல், முன் பெரியதன் மேலும் பின் பெரியதன் மேலும் செயினைச் சுற்றிப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட வேண்டும். இது ஐந்து நிமிட வேலை. சைக்கிளில் எவரும் பார்க்காத வேலையும் இதுதான்.

நான் பார்த்தேன். நூற்றெட்டு கண்ணி வேண்டும். இருந்தது நூற்றாறு.

செயின் தங்க நிறம். நாற்பது நாள் முன்னால்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டிருந்தார். அதே நிறத்தில் இன்னொன்று வர மூன்று வாரமாகும்.

"டாக்டர், செயின்ல ரெண்டு கண்ணி சேக்கணும்."

"சேருங்க."

"இந்தக் கலர்ல இல்ல. வெள்ளதான் இருக்கு."

டாக்டர் சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "தங்கத்துல வெள்ளையா? ஒட்டுப் போட்ட மாரி இருக்காதா?"

"வாய்க்குள்ள தெனம் நீங்க அதத்தான வைக்கிறீங்க."

"அது வாய் அண்ணே. மூடிக்கலாம். மச்சான் கண்ணுல இது பட்டா போச்சி. வேற வழியே இல்லியா? நீங்க கணக்குப் படிச்சவரு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. முப்பது வருடத்தில் என் பட்டத்தை மதித்துப் பேசிய மூன்றாவது ஆள் அவர். உட்கார்ந்து எழுதினேன். இருபது கியர்களில் பத்தொன்பதுக்கு நூற்றாறு கண்ணி போதும். போதாதது ஒன்றே ஒன்று, பெரிசோடு பெரிசு. அதுவும் முன் சின்னது, பின் இருபத்திரண்டு போட்டால் கிடைக்கும் கியர்தான், தசமத்தில் கடுகளவு வித்தியாசம். ஆகவே அதை எவனும் போடத் தேவையே இல்லை. மேஸ்திரியிடம் பல வருடம் முன்பு தோற்ற அதே நிரூபணம், புதுத் தாளில்.

ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "பெரிசோடு பெரிசு சேர்க்கக் கூடாது." டாக்டர் இரண்டு தடவை படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் மேம்பாலத்தில் ஆறு முறை ஏறினேன். பத்தொன்பது கியர்களையும் போட்டுப் பார்த்தேன். இருபதாவதைப் போடவில்லை. போட்டால் உடையும் என்று எனக்குத் தெரியும். உடையும் என்று தெரிந்ததால் சோதிக்காமல் விட்ட மெக்கானிக் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைக்கு வந்து, ஏறிப் பார்த்தவர் என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை குழு என்னையும் வேனில் அழைத்துப் போனது. டயர் பஞ்சரானால் பார்க்க ஆள் வேண்டுமாம். வேன் டாக்டருக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. நான் வளைவுகளை எண்ணினேன். பத்தொன்பது வந்தது. மச்சான் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"மாமா, நம்ம எடம் வந்துடிச்சி. எறங்கித் தள்ளுறீங்களா, ஒரு சூடம் கொளுத்திட்டுத் தள்ளுறீங்களா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

டாக்டர் இறங்கவில்லை. இருபத்தைந்து, முப்பது, முப்பத்தாறு. கால்கள் தையல் மெஷின்போல ஓடின. வேனில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் கணக்கு ஏறுகிறது என்று எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாற்பத்து மூன்றாவது வளைவு தாண்டிக் கொஞ்ச தூரம் சாலை சமமாகப் போகும். அங்கே மச்சான் முன்னால் போய் நின்று கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மாமா! கொஞ்சம் வேகமாத்தான் வாங்களேன். சாமி ஊர்வலம் கணக்கா வர்றீங்க! ஜாஸ்தி நேரம் புடிச்சா கையி வலிக்குது!"

எந்த மனிதனும் என்ன செய்வானோ அதை டாக்டர் செய்தார். படத்தில் வேகமாகத் தெரிய முன்னால் பெரிய செயின்வீலுக்கு மாற்றினார். பின்னால் முப்பத்திரண்டு பல் அப்படியே இருந்தது. நெற்றுத் தேங்காய் உடைந்ததுபோல் ஒரு சத்தம். செயின் கம்பியாக விறைத்து நின்றது. பின் கியர் அதைத் தாங்கும் அலுமினியக் காதோடு பிய்ந்து சக்கரத்துக்குள் போனது. சக்கரம் நின்றது, டாக்டர் நிற்கவில்லை.

அவர் விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, கீழிருந்து வந்த பேருந்து எங்கள் வேனைத் தாண்டிக்கொண்டு வந்து பிரேக் போட்டு நின்றது. பத்தடி. பிறகு காலால் அளந்தேன்.

மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. சாலையோரம் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "சீட்டு... பையிலதான்ணே இருக்கு. மறந்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

நான் சொன்னது: "பரவாயில்ல டாக்டர்."

மன்னிக்கிறவன் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மேஸ்திரி வந்தார். அட்டையைப் பார்த்தார். பிய்ந்த பின் கியரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தங்கச் செயினை மேசைமேல் நீட்டி, விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளி எண்ணினார். அவர் எதையும் எண்ணி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடுவில் ஒருமுறை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"நூத்தியாறு. எவ்ளோ வேணும் கணக்கு?"

"நூத்தியெட்டு."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

ஸ்டூல் கேட்கவில்லை. டீ வாங்கவில்லை. "டாக்டருட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன் மேஸ்திரி."

அடுத்த திங்கள் வந்தபோது முதல் கேள்வி, "சொல்லிட்டியா?" டாக்டருக்குக் கையில் கட்டு, அவிழ்த்ததும் சொல்கிறேன் என்றேன். அதற்கடுத்த திங்கள், பல்லுக்கு உறை போடுகிறார்கள் என்றேன். பதினான்கு திங்கள் கேட்டார். பதினான்கு காரணம் சொன்னேன். எதுவும் இரண்டு முறை வரவில்லை. பதினைந்தாவது திங்கள் அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, நான் ரிப்பேர் செய்து கையெழுத்துப் போட்டு வைத்திருந்த சைக்கிள்களைக் கடையின் லோடு ஆட்டோவில் ஏற்றச் சொல்லிக் கடலூருக்குக் கொண்டுபோனார். தானே கேப்பர் மலையில் ஏற்றிப் பார்த்தார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. அவர் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் இப்படியே. எழுபத்து மூன்று சைக்கிள்கள்.

டாக்டரோ மறுபக்கம் என்னை உயர்த்திக்கொண்டே போனார். குணமானதும் அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் மாட்டினார். பல்வலியோடு வருகிறவர்கள் "பெரிசோடு பெரிசு சேர்க்கக் கூடாது" என்பதைப் படித்துவிட்டு, என்ன பொருள் என்று தெரியாமல் பயபக்தியோடு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். என்னை வரிசையில் நிற்க விடமாட்டார். "அண்ணன் சொன்னத அன்னிக்கே கேட்டிருந்தா" என்று ஆரம்பித்துப் புதியவர்களிடம் சொல்லுவார். அப்போதெல்லாம் என் வாய் திறந்துதான் இருந்தது. உள்ளே அவருடைய கருவிகள் இருந்தன. பேச முடியாததற்கு அது பதினைந்தாவது காரணம்.

ஆக, டாக்டர், கேளுங்கள். சரியான நீளத்தில் செயின் இருந்தால், பெரிசோடு பெரிசு போட்டாலும் கத்தும், அவ்வளவுதான். உடையாது. நீங்கள் செய்தது சைக்கிள் ஓட்டுகிறவன் எவனும் செய்வது. நான் ஒரு அங்குலம் குறைவாகச் செயின் விட்டு, தெரிந்தே விட்டு, ஏறிப் பார்த்தேன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டேன். உங்கள் முன்பல் என்னால் போனது. பேருந்து இன்னும் பத்தடி வந்திருந்தால் போயிருப்பது பல் மட்டுமல்ல. அந்தச் சீட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். கேசட் கேட்ட ஏழு பேரும் முதலில் செயினை எண்ணுங்கள். நிறம் சேரவில்லையென்றால் சேராமலே ஓட்டுங்கள்.

மலருக்கு ஆசிரியர் மச்சான். இதில் ஒரு வரியும் வெட்ட மாட்டார் என்று தெரியும், அவ்வளவு ரசிப்பார். ரசித்து முடித்ததும் தான் எடுத்துப் போட்ட அந்த நாற்பத்து மூன்றாவது வளைவுப் படத்தை வாட்ஸப் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது இனி மாமாவைப் பற்றிய படம் இல்லை. மலரின் ஒரு பிரதியைக் கடலூரில் மேஸ்திரிக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை கையில் கிடைக்கும்படி.

குழுவுக்கு மலர் புதன்கிழமை வெளியாகிறது. வியாழக்கிழமை பத்தரைக்கு நான் வந்துவிடுவேன், டாக்டர். இந்த முறை வரிசையிலேயே நிற்கிறேன். மரத்துப்போக ஊசி போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.